கார் சூடேறி நின்றால்: சாலையோரம் முதல் பில் வரை

சித்திரை வைகாசியில் செங்கல்பட்டு தாண்டிப் போகும்போது பானட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓரமாக நிற்கும் கார்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிலை உங்களுக்கு வந்தால் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது, எவ்வளவு செலவாகும், எந்த இடத்தில் தேவையில்லாமல் பணம் போகும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். நான் வைத்திருப்பது பத்து வயதைத் தாண்டிய சின்ன பெட்ரோல் கார். அதை வைத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப் ஒர்க்‌ஷாப்பாக அலைந்தபோது இதையெல்லாம் ஒரே இடத்தில் எடுத்துச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. கீழே வரும் விலைகள் அப்படி அலைந்ததில் தெரிந்துகொண்டவை, எல்லாமே சின்ன பெட்ரோல் காருக்கு. டீசல் காரோ எஸ்யூவியோ என்றால் கூடுதலாக ஆகும். ஊருக்கு ஊர் மாறும்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஓவர்ஹீட் 300 ரூபாய் மூடியிலும் முடியும், 60,000 ரூபாய் இன்ஜின் வேலையிலும் முடியும். சிவப்பு விளக்கு எரிந்த பிறகு எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பெரும்பாலும் அது முடிவாகிறது.

1. சிவப்பு விளக்கு எரிந்ததும்

நிறைய சின்ன கார்களில் டெம்பரேச்சர் முள்ளே கிடையாது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீல விளக்கு எரிந்து அணையும். இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று அர்த்தம், கவலை வேண்டாம். சிவப்பு எரிந்தால் உடனே நிறுத்த வேண்டும். முள் இருக்கிற கார் என்றால், வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டி ஏற ஆரம்பித்ததுமே உஷாராகிவிடுங்கள்.

ஏசியை அணையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில், ப்ளோவரை முழு வேகத்தில் வையுங்கள். கண்ணாடிகளை இறக்குங்கள். மே மாதத்தில் ஹீட்டரா என்று கேட்பீர்கள். ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், இன்ஜின் சூட்டில் கொஞ்சத்தை அது வெளியே இழுத்துவிடும். ஹசார்ட் விளக்கைப் போட்டுக்கொண்டு, இடது ஓரம் பாதுகாப்பாகக் கிடைக்கும் முதல் இடத்தில் நிறுத்துங்கள். அடுத்த பங்க் வரை, அடுத்த ஊர் வரை என்று இழுக்காதீர்கள்.

ஹீட்டரைப் போட்டும் குளிர்ந்த காற்று வருகிறதா? இன்ஜினுக்குள் தண்ணீர் இல்லாமல் போயிருக்கலாம். பானட் இடுக்கில் ஆவி வருகிறதா? இந்த இரண்டில் எது நடந்தாலும் ஒரு நொடி கூட ஐடிலில் (நின்றபடி இன்ஜின் ஓடுவது) விடாமல் இன்ஜினை அணைத்துவிடுங்கள். ஆவி இல்லை, ஹீட்டரில் சூடான காற்று வருகிறது என்றால் ஓரிரு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு முள் இறங்குகிறதா என்று பார்க்கலாம். இறங்காவிட்டால் அப்போதும் இன்ஜினை அணைத்துவிட வேண்டும்.

நான்குவழிச் சாலை என்றால் வண்டிக்குள் யாரும் உட்கார வேண்டாம். குழந்தைகளையும் பெரியவர்களையும் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நிறுத்துங்கள். தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் 1033க்குப் போன் செய்யுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். ரோந்து வண்டியையோ கிரேனையோ அனுப்பி, ஆபத்தான இடத்திலிருந்து வண்டியை நகர்த்த உதவுவார்கள். வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

2. மூடியைத் தொடாதீர்கள்

கைகாலில் வெந்நீர்க் காயம் படுவது இந்த இடத்தில்தான். ரேடியேட்டருக்குள் இருப்பது அழுத்தத்தில் அடைபட்ட கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். மூடியைத் திறந்ததும் அழுத்தம் போய், உள்ளே அடங்கியிருந்தது ஒரே நொடியில் கொதித்து முகத்துக்கு நேராகப் பீறிட்டு வரும். புதிய கார்கள் பலவற்றில் ரேடியேட்டர் மேல் மூடியே இருக்காது, ஓரத்தில் இருக்கும் பிளாஸ்டிக் டேங்க்கிலேயே அந்த அழுத்தம் இருக்கும். வெறும் பிளாஸ்டிக் டேங்க்தானே என்று அதையும் திறந்துவிடக் கூடாது.

அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் ஆகட்டும். ரேடியேட்டரின் மேல் ஹோஸை, அதாவது மேலே இருக்கும் ரப்பர் குழாயை, அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி விறைத்திருந்தால் இன்னும் பொறுங்கள், நெளிந்து கொடுத்தால் திறக்கலாம். தடிமனான துணியை மடித்துப் போட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, மூடியைப் பாதி திருகி நிறுத்துங்கள். உஸ்ஸென்ற சத்தம் அடங்கிய பிறகு முழுதாகத் திறங்கள்.

டீக்கடையிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து இன்ஜின் தலையில் ஊற்ற வரும் நல்ல உள்ளங்கள் எல்லா ஊரிலும் உண்டு. கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். பெரும்பாலான கார்களில் இன்ஜினின் மேல் பாகமான சிலிண்டர் ஹெட் அலுமினியம். கொதிக்கும்போது பச்சைத் தண்ணீர் பட்டால் வளைந்துவிடும், விரிசலும் விடலாம்.

சும்மா நிற்கும் நேரத்தில் போனில் இன்சூரன்ஸ் பாலிசியைத் திறந்து, ரோட்சைட் அசிஸ்டன்ஸ் சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ரெனியூவல் சமயத்தில் சில நூறு ரூபாய்க்குச் சேர்த்துவிட்டு மறந்துபோனவர்கள் நிறையப் பேர். இருந்தால், கிலோமீட்டர் வரம்புக்குள் டோவிங் இலவசமாகக் கிடைக்கும்.

3. நீங்களே பார்க்க வேண்டியவை

மெக்கானிக் வருவதற்குள் உங்களுக்கு ஒரு முடிவு தெரிந்திருந்தால் அவரிடம் பேசுகிற பேச்சே வேறாக இருக்கும். எப்போது சூடேறியது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது.

டிராஃபிக்கில் ஊர்ந்தால் சூடேறுகிறது, வேகம் எடுத்தால் இறங்கிவிடுகிறது என்றால் முதல் சந்தேகம் ரேடியேட்டர் ஃபேன் மேல். வேகத்தில் போகும்போது காற்று தானாக அடிக்கிறது, ஃபேன் தேவையில்லை. நிற்கும்போதுதான் அதற்கு வேலை. இன்ஜின் ஆறிய பிறகு ஸ்டார்ட் செய்து ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான சின்ன கார்களில் கொஞ்ச நேரத்தில் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் ஃப்யூஸ் பெட்டி மூடியின் உள்பக்கப் படத்தில் ஃபேன் ஃப்யூஸ் எது, ரிலே (ஃபேனுக்குக் கரண்ட் கொடுக்கும் ஸ்விட்ச்) எது என்று பாருங்கள். பல கார்களில் ஹார்ன் ரிலேயும் இதுவும் ஒரே ரகமாக இருக்கும். மேலே உள்ள நம்பர் ஒன்றாக இருந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஃபேன் சுற்றினால் செலவு 200, 300 ரூபாயோடு சரி. சோதிக்கும்போது ஃபேன் பக்கம் கையோ துப்பட்டாவோ போகக் கூடாது, அது எப்போது வேண்டுமானாலும் சுற்ற ஆரம்பிக்கும்.

ஊருக்குள் ஒன்றும் இல்லை, நெடுஞ்சாலையிலோ ஏற்காடு, வால்பாறை ஏற்றத்திலோ மட்டும் சூடேறுகிறது என்றால் ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு), வாட்டர் பம்ப் (கூலன்ட்டைச் சுற்றவைக்கும் பம்ப்) ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கலாம். இன்ஜின் சூடாக இருக்கும்போது மேல் ஹோஸ் சுட்டு, கீழ் ஹோஸ் ஜில்லென்று இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்காமல் மாட்டிக்கொண்டிருக்கலாம்.

எங்கே போனாலும் சூடேறுகிறது, கூலன்ட்டும் குறைகிறது என்றால் ஒழுகல். வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். நிறமில்லாத தண்ணீர் சொட்டினால் அது ஏசித் தண்ணீர், அதை விட்டுவிடுங்கள். பச்சை, சிவப்பு அல்லது ரோஸ் நிறத்தில், விரலில் தேய்த்தால் வழவழப்பாக இருந்தால் கூலன்ட். வாயில் வைத்துப் பார்க்காதீர்கள், விஷம். இனிப்பாக இருப்பதால் தெருநாய்கள் நக்கிவிடும், அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றி நன்றாகக் கழுவிவிடுங்கள்.

கூலன்ட் குறைகிறது, ஒழுகிய தடம் எங்கும் இல்லை. இதுதான் பயப்பட வேண்டிய நிலை. ஆயில் அளவு பார்க்கும் குச்சியை (டிப்ஸ்டிக்) உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் கூலன்ட் ஆயிலுக்குள் போகிறது. ஹெட்டுக்கும் அதன் அடியில் இருக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கெட் என்ற தகடு போயிருக்க வாய்ப்பு அதிகம். சைலன்சரில் இனிப்பு வாடையுடன் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தாலும் அதே சந்தேகம்தான். ஆனால் ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் லேசாக வெளிறிய பசை ஒட்டியிருப்பதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். மழைக்காலத்தில் கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் ஓடுகிற காரில் ஈரம் சேர்ந்து அப்படி ஆவதுண்டு. அந்த மூடியைக் காட்டியே ஹெட்டை இறக்க (கழற்ற) வைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

4. ஓட்டுவதா, ஏற்றிக்கொண்டு போவதா

ஆயில் சுத்தமாக இருக்கிறது, ஸ்டார்ட் ஆகிறது, கூலன்ட் கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது என்றால் ஆறிய பிறகு ஊற்றிக்கொண்டு பக்கத்து மெக்கானிக் வரை மெதுவாக ஓட்டலாம். கூலன்ட் கிடைக்காவிட்டால் அவசரத்துக்குக் கடையில் விற்கும் தண்ணீர் பாட்டில் போதும். போர்த் தண்ணீர் மட்டும் வேண்டாம், அதன் உப்பு உள்ளே படிந்துவிடும். ஏசி வேண்டாம். கண் விளக்கின் மேலேயே இருக்கட்டும்.

ஊற்ற ஊற்றக் கீழே கொட்டுகிறது, ஆயில் நிறம் மாறியிருக்கிறது, ஸ்டார்ட் செய்தால் உதறுகிறது, இதில் எது இருந்தாலும் ரெக்கவரி வண்டிதான். ஊருக்குள் 1,500 முதல் 3,000 ரூபாய் வரை கேட்பார்கள். வெளியூர் என்றால் கிலோமீட்டர் கணக்கு. பேசும்போதே டோல், ராத்திரி பேட்டா, திரும்பிப் போகும் தூரம் எல்லாம் சேர்ந்த தொகையா என்று கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். ஆட்டோமேட்டிக் கார் என்றால் சக்கரம் தரையில் உருள இழுக்க விடாதீர்கள், வண்டி முழுதும் மேலே ஏறும் ஃப்ளாட்பெட் கேளுங்கள்.

ரெக்கவரிக்காரர் "எனக்குத் தெரிஞ்ச ஷெட் இருக்கு சார், அங்கே விட்டுடறேன்" என்பார். சில சமயம் நல்ல ஷெட்டாகவே இருக்கும். ஆனால் உங்கள் ஊர் மெக்கானிக் 40 கிலோமீட்டருக்குள் இருந்தால் அங்கேயே கொண்டுபோவது மேல். தெரியாத ஊரில் ஹெட் இறக்கிய காரை நடுவில் எடுத்துக்கொண்டு வருவது லேசான காரியம் இல்லை.

5. ஒர்க்‌ஷாப்பில் எந்த வரிசையில் பார்க்கச் சொல்வது

மலிவானதிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். மூடி, ஹோஸ், ஃபேன், பிறகு பிரஷர் டெஸ்ட், பிறகு தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ரேடியேட்டர். ஹெட் கடைசியில்தான்.

பிரஷர் டெஸ்டர் என்பது முள் வைத்த சின்ன கைப்பம்ப். ரேடியேட்டர் வாயில் மாட்டி அடித்துவிட்டுக் காத்திருந்தால் முள் நிற்க வேண்டும். என் காருக்கு ஒரு ஒர்க்‌ஷாப்பில் பானட்டைத் திறந்து பார்த்த கையோடு "கேஸ்கெட் போச்சு சார்" என்று 28,000 ரூபாய் எஸ்டிமேட் போட்டார்கள். வேறு ஷெட்டில் ஒரு பெரியவர் டெஸ்டரை மாட்டி அடித்துவிட்டு, பீடி பற்ற வைக்கப் போனார். திரும்பி வரும்போது முள் பாதிக்கு இறங்கியிருந்தது. டார்ச்சை வாங்கி பெல்ட்டுக்குப் பின்னால் அடித்துக் காட்டினார். வாட்டர் பம்ப்புக்குக் கீழே, காய்ந்த ரோஸ் நிறப் பொருக்கு கோடு மாதிரி இறங்கியிருந்தது, அதன் நுனியில் புதிதாக ஒரு சொட்டு. பம்ப், கூலன்ட், லேபர் எல்லாம் சேர்த்து ஐயாயிரத்துக்குள் வேலை முடிந்தது.

ஆகவே ஹெட் கேஸ்கெட் என்று யார் சொன்னாலும் "எதை வைத்துச் சொல்றீங்க அண்ணே?" என்று கேளுங்கள். ரேடியேட்டர் வாயில் புகை கலந்து வருகிறதா என்று பார்க்க நிறம் மாறும் திரவம் வைத்த டெஸ்ட் இருக்கிறது. நீலம் மஞ்சளானால் கேஸ்கெட்டோ ஹெட்டோ விட்டிருக்கிறது. கம்ப்ரஷன் டெஸ்ட்டும் (சிலிண்டருக்குள் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது) செய்யலாம். இரண்டும் சில நூறு ரூபாய் வேலை. இவை இல்லாமல் ஹெட்டைக் கழற்ற ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒருமுறை கழற்றிவிட்டால் கேஸ்கெட், ஆயில், கூலன்ட், லேபர் எல்லாம் கொடுத்தே ஆக வேண்டும், பழுது வேறு இடத்தில் இருந்தாலும்.

6. தலையாட்டக் கூடாத யோசனைகள்

"தெர்மோஸ்டாட் எதுக்கு சார், நம்ம ஊர் வெயிலுக்குத் தேவையே இல்ல, கழட்டி விட்டுடலாம்." இதைக் கேட்காமல் நீங்கள் தப்பிக்க முடியாது. கழற்றினால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், மைலேஜ் குறையும், தேய்மானம் கூடும். சில இன்ஜின்களில் கூலன்ட் ரேடியேட்டருக்குச் சரியாகப் போகாமல் நெடுஞ்சாலையில் இன்னும் சூடேறும். புதுசு ஆயிரம் ரூபாய் சுமாருக்கே கிடைக்கும்.

"ஃபேனை டைரக்ட் பண்ணிடலாம்" என்பது அடுத்தது. சென்சாரையும் ரிலேயையும் விட்டுவிட்டு நேரடியாக வயர் கொடுப்பது. வீடு போய்ச் சேர ஒரு நாள் உதவும். அப்படியே விட்டால் மோட்டார் சீக்கிரம் போகும், ஒட்டுப் போட்ட வயர் சூடேறும், பழுதான சென்சார் பழுதாகவே கிடக்கும்.

மஞ்சள் தூள் போட்டால் ஒழுகல் நிற்கும் என்பார்கள். லீக் அடைக்கும் பவுடரும் கடையில் விற்கிறது. ஊசி முனை ஓட்டையை அடைக்கும், உண்மைதான். கூடவே ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் ஹீட்டரையும் அடைக்கும். நடுக்காட்டில் வேறு வழி இல்லாதபோது மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், அப்புறம் முழுதாக ஃப்ளஷ் செய்துவிடுங்கள்.

7. எதற்கு எவ்வளவு, எத்தனை நாள்

ரேடியேட்டர் மூடி 150 முதல் 400 ரூபாய். பழைய கார் என்றால் முதலில் இதை மாற்றிவிடலாம், தளர்ந்த மூடி அழுத்தத்தைப் பிடிக்காது. ஹோஸ் ஒன்று 300 முதல் 1,000. தெர்மோஸ்டாட் 500 முதல் 1,500. ஃபேன் மோட்டார் 1,500 முதல் 4,500. இவை எல்லாம் அன்றே முடிகிற வேலைகள், ஒவ்வொன்றுக்கும் லேபர் சில நூறு.

வாட்டர் பம்ப் 1,200 முதல் 3,500, லேபர் தனி, ஒரு நாள் ஆகும். உங்கள் இன்ஜினில் டைமிங் பெல்ட் இருந்து, பம்ப்பும் அதன் வழியாகச் சுற்றினால் இரண்டையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள், லேபர் ஒரே தடவைதான்.

ரேடியேட்டர் 3,000 முதல் 8,000. அலுமினியத்தில் பிளாஸ்டிக் டேங்க் வைத்த ரேடியேட்டரில் டேங்க் விரிசல் விட்டால் ஒட்டவைப்பது நிலைக்காது, புதுசுதான். சென்னையில் இருப்பவர்கள் ஜி.பி. ரோடு கடைகளில் விலை கேட்டுவிட்டு ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட்டுடன் ஒப்பிடலாம். புதுப்பேட்டையில் பழைய ரேடியேட்டர் பாதி விலைக்குக் கிடைக்கும், ஆனால் உள்ளே எவ்வளவு அடைப்பு என்பது மாட்டிய பிறகே தெரியும். பானட், கதவு, விளக்கு வாங்க அது அருமையான இடம். கூலிங் சாமான் வாங்க நான் அங்கே போகமாட்டேன்.

ஹெட் கேஸ்கெட் வேலை 10,000 முதல் 25,000, நாளும் நான்கைந்து ஆகும். இன்ஜின் உள்ளே இறுகிச் சுற்றாமல் பிடித்துப் போயிருந்தால் 40,000க்கு மேல், காரைப் பொறுத்து எவ்வளவும் ஆகலாம். காரின் இன்றைய சந்தை விலையில் பாதியைத் தாண்டினால் செலவழிப்பதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள்.

8. ஹெட் இறக்கியே ஆக வேண்டும் என்றால்

கேஸ்கெட்டை மட்டும் மாற்றிப் போட்டால் போதாது. ஹெட் வளைந்திருக்கிறதா என்று நேர்கட்டை வைத்துப் பார்க்க வேண்டும், விரிசல் இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்ட் செய்ய வேண்டும். வளைவு இருந்தால் லேத்தில் ஃபேசிங் அடிப்பார்கள் (சீவிச் சமமாக்குவது), ஆயிரம் இரண்டாயிரம் ஆகும். நாள் பிடிப்பதே பெரும்பாலும் லேத்தில்தான், அங்கே வரிசை இருக்கும். ஆயுத பூஜை, பொங்கல் சமயம் மாட்டினால் ஒரு வாரம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஹெட் போல்ட்டுகளைப் புதிதாக மாற்ற வேண்டிய மாடலா என்று கேளுங்கள். டார்க் ரெஞ்ச் (சரியான அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்) வைத்து இறுக்குவார்களா என்றும் கேளுங்கள். சும்மா கை பலத்தில் இறுக்குகிற ஷெட் என்றால் அதே கேஸ்கெட் மறுபடியும் ஊதும். கழற்றிய ஹெட்டையும் பழைய கேஸ்கெட்டையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள். சூடேறக் காரணமான மூலப் பழுது எது, அதைச் சரி செய்தாயிற்றா என்று தனியாகக் கேளுங்கள். ஃபேன் ஓடாததால் போன கேஸ்கெட்டை மாற்றிவிட்டு ஃபேனைக் கவனிக்காமல் விட்டால், திரும்பவும் அதே பில்தான்.

9. காகிதங்கள்

வண்டியை விடும்போது ஜாப் கார்டு வாங்குங்கள். தேதி, கிலோமீட்டர், நீங்கள் சொன்ன குறை மூன்றும் அதில் இருக்க வேண்டும். எஸ்டிமேட்டில் சாமான் தனி, லேபர் தனி, ஜிஎஸ்டி தனி. கூடுதல் வேலை வந்தால் போன் செய்து சம்மதம் வாங்கிய பிறகே செய்ய வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். பழைய சாமான்களைக் கேட்டு வாங்குங்கள். "பில் இல்லாம 18 பர்சென்ட் குறைச்சுக்கலாம்" என்பார்கள். சின்ன வேலைக்கு உங்கள் இஷ்டம். பத்தாயிரத்தைத் தாண்டினால் பில் வாங்கிவிடுங்கள், வாரண்டி கேட்க கையில் இருப்பது அது ஒன்றுதான்.

இன்சூரன்ஸ் இதற்குக் கை கொடுக்குமா? சாதாரண பாலிசியில் மெக்கானிக்கல் பழுதுக்கும் தேய்மானத்துக்கும் பணம் வராது. கல்லோ விபத்தோ பட்டு ரேடியேட்டர் உடைந்தால் அந்த ரேடியேட்டருக்குக் கோரலாம். உடைந்த பிறகும் ஓட்டி இன்ஜின் போனால் அதைத் தொடர் சேதம் என்று தள்ளிவிடுவார்கள். இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் கவர் எடுத்திருந்தாலும் எது எது அடங்கும் என்று பாலிசியைப் படித்துவிட்டு, எதையும் கழற்றுவதற்கு முன் கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள். எக்ஸ்டெண்டட் வாரண்டி இருக்கிற கார் என்றால் வெளி மெக்கானிக்கைத் தொடவே விடாதீர்கள், நேராக ஆத்தரைஸ்டு சென்டருக்கு ஏற்றிச் செல்லுங்கள்.

பழைய இன்ஜின் வாங்கிப் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கவனம். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் இன்ஜின் நம்பர் பிளாக்கில்தான் பதிந்திருக்கும். பிளாக் மாறினால் நம்பரும் மாறும். ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். அதற்கு அந்த இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கு பில்லும் ஆதாரமும் வேண்டும். அவை இல்லாமல் வாங்கினால் வண்டியை விற்கும்போதும் கிளெய்ம் செய்யும்போதும் மாட்டிக்கொள்வீர்கள்.

வேலை சரியில்லை, ஒர்க்‌ஷாப்பும் மழுப்புகிறது என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

10. வண்டி கைக்கு வந்ததும்

கூலன்ட் நிரப்பிய பிறகு உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்றினார்களா என்று கேளுங்கள். காற்றுக் குமிழி இருந்தால் புது சாமான் போட்ட வண்டியும் மறுநாளே சூடேறும். எந்தக் கூலன்ட் என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்யாமல் மேனுவலில் பாருங்கள், வேறு ரகத்தைக் கலக்காதீர்கள். லிட்டர் 250 முதல் 450 ரூபாய். ரெடிமிக்ஸ் என்றால் அப்படியே ஊற்றலாம். கான்சன்ட்ரேட் என்றால் டிஸ்டில்டு வாட்டர் சேர்க்க வேண்டும். பொதுவாகப் பாதிக்குப் பாதி.

முதல் இரண்டு வாரம் தினமும் காலையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன், டேங்க்கில் அளவைப் பார்த்து ஒரு மார்க்கர் கோடு போட்டுவையுங்கள். முதல் ஓரிரு நாளில் காற்று வெளியேறிக் கொஞ்சம் இறங்கினால் பரவாயில்லை. அதற்குப் பிறகும் இறங்கிக்கொண்டே இருந்தால், மேலே ஊற்றி ஊற்றி ஓட்டாமல் பில்லை எடுத்துக்கொண்டு அதே ஒர்க்‌ஷாப்புக்குப் போய் இன்னொரு பிரஷர் டெஸ்ட் கேளுங்கள்.